சிவப்புக்கு எத்தனை, நீலத்துக்கு எத்தனை

மாசி 6, வெள்ளி

காலையில் பனிமூட்டம். வெயில் ஏறும்வரை கடல் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. வேதக் கோவிலில் முதல்நன்மை வாங்கும் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டைகளில் பாதி தைத்தாயிற்று. லேஸ் காணாது. மன்னாருக்குப் போனால் லேஸ், மெசின் ஊசி, கோழித்தீன்.

அண்ணன்மார் வந்து ஒரு கிழமை. பெரியண்ணன் டெக்சாஸ், சின்னண்ணன் கலிபோர்னியா. இனி பெ.அ., சி.அ. முழுதாக எழுதும் அளவுக்கு இருவரும் இந்தக் கிழமை ஒன்றும் செய்யவில்லை.

மதியம் நண்டுக் கறி. முட்டை நண்டு. றெஜினா காலையிலேயே கொண்டுவந்து தந்து, தானே சமைத்தும் வைத்தாள். அதை உடைத்துச் சப்பிக்கொண்டே கொலைக் கதை. அமெரிக்காவில் எந்தக் கட்சிக்கு வாக்குப் போடுகிற மாநிலத்தில் கொலை கூடுதல் என்று. பெ.அ.வின் கட்சி சிவப்பு. சி.அ.வின் கட்சி நீலம். வந்த நாள் தொடக்கம் இதுதான்.

"லட்சம் சனத்துக்கு எத்தனை எண்டு பாருங்கோ அண்ணை. சிவப்பு மாநிலம்தான் கூட. ஒரு வருசம் இல்லை, ஒவ்வொரு வருசமும்" என்கிறார் சி.அ.

"மாநிலத்தைப் பாக்காதை. நகரத்தைப் பார். கொலை விழுறது முழுக்க நகரத்தில. அந்த நகரத்து மேயர் ஆர்ர ஆள்? உங்கட ஆள்."

"நகரத்தைக் கழிச்சுப்போட்டுப் பாத்தாலும் உங்கட பக்கம்தான் கூட."

"எந்த நகரத்தைக் கழிச்சனி? உனக்கு ஏத்த நகரத்தை."

ஒருவர் மாநிலமாகக் கட்டுகிறார், மற்றவர் நகரமாகப் பிரிக்கிறார். பிணம் ஒன்றுதான். இந்தப் பக்கம் கொஞ்சம் இழுவை, அந்தப் பக்கம் கொஞ்சம் இழுவை. செத்தவனுக்கு எந்தக் கட்சி என்று இருவருக்கும் தெரியாது. கொன்றவனுக்கும் தெரியாது. அதைப் பற்றி இருவருக்கும் கவலையுமில்லை.

பிறகு வறுமை, பிறகு துவக்குச் சூடு, பிறகு வெக்கை. வெக்கையில் கொலை கூடுமாம். அப்படியென்றால் மன்னாரில் ஒருவரும் மிஞ்சியிருக்கக் கூடாது.

இரண்டு பேருக்கும் தொண்டையில் ஒவ்வொரு முள், தன் நிறத்திலேயே கொலை கூடிய மாநிலம். லூசியானா என்றால் பெ.அ. தொலைபேசியை நோண்டுகிறார். நியூ மெக்சிகோ என்றால் சி.அ. தண்ணீர் குடிக்கிறார்.

றெஜினா குசினிக் கதவடியில் சொதிக் கோப்பையோடு நின்றாள். கொலை, கொலை என்று எத்தனை தரம் சொல்லியிருப்பார்கள். லூக்காஸ் எங்கள் கடைசித் தம்பி, அவளுடைய புருசன். இருவரும் வந்ததே அவனுடைய இரண்டாம் ஆண்டுப் பூசைக்கு. கடற்கரையில், வலை போடும் இடத்துக்காக வாய்ச்சண்டை, படகுத் துடுப்பால் தலையில் அடி. கொலை என்ற சொல் வாயில் வரும்போது ஒருவராவது நிமிர்ந்து அவளைப் பார்க்கவில்லை.

"சொதி விடட்டே, அத்தான்?" என்றாள்.

விட்டாள்.

மாசி 7, சனி

லேசான காற்று. கோழி ஒன்று முடக்கம்.

இன்று வாய் திறந்து கேட்டேன். வழக்கு வரும் வியாழன், மன்னார் மேல் நீதிமன்றத்தில். அடி விழுந்ததைக் கண்ணால் கண்டது சி.அ. மட்டும். அந்த வருடமும் லீவில் வந்து நின்றவர். மற்றவர்கள் கூக்குரல் கேட்டு ஓடிவந்தவர்கள். லூக்காஸ் தானாக வழுக்கி நங்கூரத்தில் விழுந்தான் என்பது எதிரியின் கதை. சி.அ. சாட்சி சொல்லாவிட்டால் அந்தக் கதைதான் நிற்கும் என்று அரச தரப்பு லோயர் றெஜினாவிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார். சாட்சி அழைப்பு வந்த அன்றே அவள் அதைப் படம் எடுத்து சி.அ.வுக்கு அனுப்பினவள். பார்த்துவிட்டார். நீலச் சரியடையாளம் விழுந்தது. பிறகு விமான ரிக்கெற் போட்டார். வழக்கு வியாழன். திரும்பிப் போகும் ரிக்கெற் புதன் இரவு.

"சின்னண்ணை, ரிக்கெற்றை மாத்தலாமோ?"

"லேசில்லை பிலோமி. வேலைக்குப் போகோணும். சூமில சொல்லலாமோ எண்டு லோயரிட்டைக் கேளன்."

பெ.அ. உடனே குறுக்கே விழுந்தார். "ஏன் தேவையில்லாத வேலை? அவங்கட ஆக்கள் முழுக்க இந்த ஊரில. நாங்கள் போயிடுவம். நாளைக்கு உனக்கும் றெஜினாவுக்கும்தான் கரைச்சல். போனவன் போயிட்டான்."

சட்டம், ஒழுங்கு, மரண தண்டனை என்று முந்தநாள் மேசையில் குத்தியது இதே வாய். பாதிக்கப்பட்டவர்களின் குரல் என்று ஒரு மணித்தியாலம் பேசிய மற்ற வாய் சொல்கிறது: "அண்ணை சொல்லுறதும் சரிதான்."

வந்த நாள் தொடக்கம் இருவரும் ஒத்துப்போன முதல் விடயம். சிவப்பையும் நீலத்தையும் கலந்தால் கத்தரிப்பூ நிறம். அந்த நிறத்துத் துணி நிறைய வெட்டியிருக்கிறேன். இரண்டு தோய்ப்பில் வெளுத்துவிடும்.

இரவு சாப்பாடு: பாண், மீன் சம்பல். நான் ஒன்றும் ஆக்கவில்லை. கை வரவில்லை.

மாசி 8, ஞாயிறு

பூசை. கோவில் நிறைய சனம். லூக்காசின் பெயரைச் சுவாமி வாசித்தார், வேறு எட்டுப் பத்துப் பெயர்களோடு.

அவனும் வந்திருந்தான், துடுப்பால் அடித்தவன். பெயர் எழுத மாட்டேன். பிணையில் வந்ததிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் வருகிறான். வெள்ளைச் சேட்டு, நெற்றிமுடி படிய வாரி. எங்களுக்கு இரண்டு வாங்கு பின்னால். சி.அ.வுக்கு நான் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? பார்க்கட்டும்.

சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரம். எல்லோரும் திரும்பித் திரும்பிக் கும்பிட்டார்கள். சி.அ.வும் பின்னால் திரும்பினார். அவன் நேரே முகத்தைப் பார்த்துக் கை கூப்பித் தலை குனிந்தான். சி.அ. கை கூப்பித் தலை குனிந்தார்.

குனிந்த பிறகுதான் ஆள் யார் என்று கண்டார். கூப்பிய கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. இறக்கவுமில்லை, பிரிக்கவுமில்லை. பூசை முடியும்வரை திரும்பவும் இல்லை. கழுத்துப் பின்பக்கம் வியர்த்துச் சேட்டு ஒட்டியிருந்தது.

பெ.அ. இது ஒன்றும் காணவில்லை. அவர் கூரையில் புது மின்விசிறி யார் உபயம் என்று வாசித்துக்கொண்டிருந்தார்.

மதியம் ஆண்டுச் சாப்பாடு. அயலவர்கள் வந்து போனார்கள். பின்னேரம் தேத்தண்ணி வைக்கும்போது பெ.அ. மறுபடி தொடங்கினார். தொலைபேசியில் ஒரு வரைபடம், மாநிலம் மாநிலமாக நிறம் தீட்டியது. சி.அ. வேலிப் பக்கம் முகத்தைத் திருப்பினார். ஆள் கிடைக்காத பெ.அ. அதை றெஜினாவிடம் நீட்டினார்.

"இஞ்ச பார் பிள்ளை. கடும் நிறம் எல்லாம் கொலை கூடின இடம்."

றெஜினா கையைச் சீலையில் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தாள். நிதானமாகத்தான் பார்த்தாள்.

"பெரியத்தான், இதில கண்டவையையும் எண்ணுறவையோ?"

"என்னது?"

"கொலையைக் கண்டுபோட்டு ஒண்டும் சொல்லாமப் போன ஆக்கள். அவையளுக்கும் லட்சத்துக்கு எத்தனை எண்டு இருக்கோ?"

தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு போனாள். குரல் கூட உயரவில்லை. பெ.அ. என்னைப் பார்த்து, "இவளுக்கு என்ன?" என்றார். படித்த மனிசன். அமெரிக்காவில் வீடு இரண்டு.

மாசி 9, திங்கள்

சட்டை இரண்டு முடிந்தது. ஒன்றில் கை நீளம் பிழை. பிரிக்க வேண்டும்.

கடையடியில் பின்னால் நின்ற இருவர்: "அமெரிக்காக்காரர் இன்னும் போகேல்லையோ?" "வியாழனுக்கு முதல் போயிடுவினம். போகாம?" சிரிப்பு. திரும்பிப் பார்த்தேன், நிறுத்தினார்கள். ஊருக்கே ரிக்கெற் திகதி தெரிந்திருக்கிறது.

பின்னேரம் சி.அ. தனியே கடற்கரைக்குப் போனார். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார். சாப்பிடவில்லை. பெ.அ. இரண்டு பேருக்கும் சேர்த்துச் சாப்பிட்டார். முரல் பொரியல்.

மாசி 10, செவ்வாய்

பெ.அ. பெட்டி அடுக்குகிறார். கட்டாக் கருவாடு நான்கு பைக்குள் வைத்துச் சுற்றியும் மணக்கிறது. ஒடியல் மா. பனங்கட்டி. "ஊர்ச் சாமானை அடிக்க ஏலாது" என்று பெருமூச்சு. ஊர்ச் சாமான் வேண்டும், ஊர் வழக்கு வேண்டாம்.

சி.அ. பெட்டியைத் திறக்கவேயில்லை. நான் தைத்துக்கொண்டிருந்த இடத்துக்கு வந்து கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார்.

"அவன் ஒவ்வொரு ஞாயிறும் கோவிலுக்கு வாறவனோ?"

"ஓம்."

"றெஜினா?"

"அவளும் வாறவள். வேற எங்க போறது?"

"அவளையும் பாத்துக் கும்பிடுறவனோ?"

"முதல் கிழமை கும்பிட்டவன். அவள் நிண்டபடி நிண்டு பாத்துக்கொண்டு இருந்தவள். பிறகு அந்தப் பக்கம் திரும்புறேல்லை."

நான் உதவிக்குப் போகவில்லை. எனக்கு அவர் மேல் இரக்கம் வரும் என்று எதிர்பார்த்திருப்பார். நூல் அறுந்ததுதான் மிச்சம்.

மாசி 11, புதன்

வெயில். கொழும்புக்குப் போக வான் மத்தியானம் வந்தது.

பெ.அ.வின் பெட்டி மூன்றும் ஏற்றியாயிற்று. சாரதி சி.அ.வின் பெட்டியையும் தூக்கி வைத்தான். சி.அ. போய் அதை இறக்கினார். சாரதி, ஏதோ தவறுதலாக இறக்கிவிட்டார் என்று நினைத்து மறுபடி ஏற்றினான். மறுபடி இறக்கினார். இதைப் பார்க்கச் சிரிப்பாகத்தான் இருந்தது.

"நான் நிக்கிறன் அண்ணை. நீங்கள் போங்கோ."

"விசரே உனக்கு? ரிக்கெற்?"

"காசு போனாப் போகட்டும்."

"உன்னைச் சாட்சிக் கூட்டில ஏத்தி வைச்சுக் கிழிப்பாங்கள். தெரியுமோ? அந்த நேரம் எங்க நிண்டனி, என்ன செய்தனி எண்டு ஒவ்வொண்டாக் கேப்பாங்கள்."

"கேக்கட்டும்."

பெ.அ. அவரை வேலியோரம் கூட்டிக்கொண்டு போய் மெல்லிய குரலில் என்னவோ சொன்னார். கனநேரம் சொன்னார். இவர் தலையாட்டவில்லை. பெ.அ. எனக்குப் போயிட்டு வாறன் சொல்லாமலே வானில் ஏறினார். கண்ணாடி ஏற்றிய பிறகு ஞாபகம் வந்து கையசைத்தார்.

றெஜினாவிடம் போய்ச் சொன்னேன். கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள். "நாளைக்கு எத்தினை மணி பஸ்?" என்று மட்டும் கேட்டாள்.

மாசி 12, வியாழன்

மூன்று பேரும் முதல் பஸ்ஸில் மன்னார். நீதிமன்ற வாசலில் கழுதை இரண்டு, ஒருவரும் விரட்டவில்லை. அவனும் அவனுடைய ஆட்களும் எங்களுக்கு முன்பே வந்திருந்தார்கள். சின்னண்ணனைக் கண்டதும் பேச்சு நின்றது. வருவார் என்று நினைக்கவில்லை.

சின்னண்ணன் கூட்டில் ஏறினார். வேதப்புத்தகத்தில் கை வைத்தார். கண்டதைச் சொன்னார். இருவரும் வாய்க்கு வாய் பேசினது, அவன் படகிலிருந்து துடுப்பை எடுத்தது, லூக்காஸ் திரும்பும்போது அடித்தது. அழுத்தமாகச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் விட்டுவிடாமல் சொன்னார்.

பிறகு எதிரியின் லோயர் எழும்பினார். எல்லாம் நல்ல தமிழில்.

"அந்த நேரம் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?"

"மணல் மேட்டில நிண்டு போன் கதைச்சனான். அங்கதான் சிக்னல் வரும்."

"பொலிசில் இதைச் சொல்லவில்லையே?"

"கேக்கேல்லை. சொல்ல வெக்கமாயும் இருந்தது."

"யாரோடு கதைத்தீர்கள்?"

"அண்ணாவோட. டெக்சாசில இருக்கிறார்."

"அப்படிக் கவனமெடுத்துக் கதைத்த விசயம் என்ன?"

சின்னண்ணன் றெஜினாவைப் பார்த்தார். பிறகு நீதிபதியைப் பார்த்தார்.

"அமெரிக்காவில ஆர்ர கட்சி மாநிலத்தில கொலை கூட எண்டு. லூக்காஸ் என்னைக் கூப்பிட்டவன். 'அண்ணை, ஒருக்கா இஞ்ச வாங்கோ' எண்டு. கையைக் காட்டி, பொறு எண்டு சொன்னனான். அண்ணா ஒரு புள்ளிவிபரம் சொல்லிக்கொண்டிருந்தவர். அது முடியட்டும் எண்டு நிண்டனான். அவனைப் பாத்துக்கொண்டுதான் நிண்டனான். அதாலதான் கண்டனான்."

பின்வாங்கில் யாரோ சிரித்துவிட்டார்கள். பிறகு இன்னும் இருவர். நீதிபதி கண்டித்தார். லோயர் கடதாசியைப் புரட்டினார். றெஜினா சிரிக்கவில்லை, அழவுமில்லை. மடியில் கிடந்த கையை விரித்து விரித்து மூடினாள்.

இரண்டு வருடம் இதை மறைத்து வைத்துக்கொண்டு, அதே கதையை என் மேசையில் வைத்து, அவள் சமைத்துத் தந்த நண்டோடு. எழுந்து வெளியே போகலாம் என்று பார்த்தேன். போகவில்லை. கூட்டில் நின்றவர் இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அரச தரப்பு லோயர் ஒன்று கேட்டார். அடி விழுந்தபோது தொலைபேசி இணைப்பில் இருந்ததா? இருந்தது. அண்ணாவுக்குச் சத்தம் கேட்டதா? கேட்டது. என்ன சத்தம் அது என்று அண்ணா கேட்டவராம். பெயர், விலாசம் சொல்லச் சொன்னார்கள். சின்னண்ணன் சொன்னார். எழுதிக்கொண்டார்கள். அடுத்த தவணை போட்டாயிற்று.

போனவன் போயிட்டான் என்று பெ.அ. ஏன் அவ்வளவு அவசரப்பட்டார் என்பது எனக்கு அந்த வாங்கில் இருந்தபோதுதான் விளங்கியது. எங்களுக்குக் கரைச்சல் வருமாம்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது சின்னண்ணனின் தொலைபேசி அடித்தது. பெ.அ. நடுவழியில் இறங்கிய ஏதோ விமான நிலையத்திலிருந்து. சின்னண்ணன் எடுக்காமல் பார்த்துக்கொண்டே நின்றார். றெஜினா கையை நீட்டி வாங்கினாள்.

"ஓம் பெரியத்தான், றெஜினாதான். முடிஞ்சுது. எல்லாம் சொன்னவர். ஓம், போன் கதைச்சதையும்தான். உங்களுக்குச் சத்தம் கேட்டதெண்டும் சொன்னவர். உங்கட பேரும் விலாசமும் எழுதியிருக்கினம். சாட்சிக்குக் கூப்பிடுவினமாம்."

அந்தப் பக்கத்திலிருந்து விமானம் புறப்படும் அறிவித்தல் மட்டும் எனக்கே கேட்டது.

"கேக்குதே, பெரியத்தான்?" என்றாள் றெஜினா.