புனேயா, கொச்சியா

சுஹைபின் வாப்பா அவர்களுக்கு,

மீன்குழம்பு சிறிய சட்டியில் இருக்கிறது. ஊறுகாயைத் தொட வேண்டாம். பின்வாசல் சாவியை ஆணியில் மாட்டவும். நேற்று அது தொலைக்காட்சியின் மேல் கிடந்தது.

குற்றாலத்திற்குக் குளிக்கப் போயிருக்கும் நம் மகன், திரும்பியதும் எந்த ஊர் வேலையை ஏற்பது என்று பதில் எழுத வேண்டும். கல்லூரி முடித்தவன் வேலையின் தரத்தைப் பார்க்கவில்லை. எந்த ஊரிலிருந்து செங்கோட்டைக்கு விரைவில் வந்து சேரலாம் என்றே கைபேசியில் தேடுகிறான். அவன் மனம் புனேயில் இருக்கிறது. நம்மை நினைத்துக் கொச்சி என்கிறான். "கொச்சின்னா வாராவாரம் வந்துரலாம்லா" என்று நேற்று நீங்கள் சொன்னது தவறு. அதற்காக உங்களிடம் பேசாமல் படுத்தது என் தவறு.

காலையில் என்னிடம், "உம்மா, ராத்திரி வாப்பாவுக்கு மூச்சு முட்டுனா யாரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவா?" என்று கேட்டான். "ஆட்டோக்கார மசூதுட்ட எப்பவோ சொல்லி வச்சாச்சு. நீ ஒன் சோலியப் பாருலே" என்றேன். உண்மையில் மசூதிடம் நான் எதுவும் சொல்லவில்லை. பிள்ளையிடம் சொன்னது பொய்யாக நிற்கக் கூடாது. ஆகவே அவன் வருவதற்குள் மசூதைப் பார்த்துச் சம்மதம் வாங்கப் போகிறேன்.

அவன் எதிரில் இருமல் வந்தால் அடக்க வேண்டாம். அடக்கினால் இன்னும் பயப்படுவான்.

மெஹர் பானு

எழுத விட்டுப்போனது: ஈரத் துண்டை அவன் நாற்காலியில் போடக் கூடாது.

இன்னொன்று. புனே என்று அவன் சொன்னால் உடனே சரி என்று சொல்லிவிடுங்கள். நான் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். என் முகத்தைப் பார்த்தால் கொச்சி என்று மாற்றிவிடுவான்.