கம்பெனிச் சுவர்

ஜூன் 3

அன்புள்ள என்னங்க,

நான் நலம். கம்பெனி உங்களை வெளியூர்க் கிளைக்கு அனுப்பியதிலிருந்து நம் மகள் வாலுக்குத்தான் ஓயாத இருமல். சேட்டைகூடக் குறைந்துவிட்டது, அதுவே பயமாக இருக்கிறது. உங்கள் போன் கம்பெனி கொடுத்தது. அதில் பேசப் பயந்துதான் இந்தக் கடிதம்.

குவார்ட்டர்ஸ் குழாயில் தண்ணீர் பெயின்ட் நாற்றம் அடிக்கிறது. பக்கத்து வீட்டுச் சின்னவனுக்கு வாந்தி. குவார்ட்டர்ஸ் குரூப்பில் எழுதினேன். மேனேஜர் அழித்துவிட்டு என்னையும் நீக்கிவிட்டார். இணையத்தில் என் சொந்தப் பக்கத்தில் போட்டேன். கம்பெனி புகார் கொடுக்க, பக்கமே காணாமல் போனது. கடைசியில் ஒரு தாளில் எழுதி பம்ப் ரூம் சுவரில் ஒட்டினேன். வாட்ச்மேன் வந்து சுரண்டி எடுத்தார்.

"மேடம், இது கம்பெனி சுவர். கேட்டுக்கு வெளியே மஞ்சள் கோடு இருக்குல்ல, அதைத் தாண்டி நின்னு என்ன வேணா பேசுங்க."

கோட்டுக்கு அந்தப் பக்கம் லாரிதான் போகிறது. லாரிக்காரரிடம் நம் குழாயைப் பற்றி என்ன சொல்ல?

கதவு தட்டினாலே வாலைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போய்விடுகிறேன். நீங்கள் மேனேஜரிடம் ஒரு வார்த்தை பேசுங்கள்.

உங்கள்
வாயாடி

ஜூன் 9

என் வாயாடிக்கு,

சுவர் அவர்களுடையது, குழாய் அவர்களுடையது, நீ படுக்கிற கட்டில்கூட அவர்களுடையது. நுணலும் தன் வாயால் கெடும் என்று உனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!

வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் தயாராக இருந்ததாம். கெஞ்சிக் கூத்தாடி நிறுத்தியிருக்கிறேன். இனி யாரும் உன்னை ஒன்றும் சொல்ல மாட்டார்கள். தண்ணீரைக் காய்ச்சிக் குடி. வாலுக்கு முத்தம்.

உன்
வீட்டுக்காரன்

ஜூன் 16

என்னங்க,

நீங்கள் சொன்னபடியே யாரும் என்னை ஒன்றும் சொல்வதில்லை. மேனேஜர்கூடச் சிரித்துக்கொண்டே, "மாத்திரை போட்டீங்களாம்மா?" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்து வீட்டு அக்காதான் தன் போனில் குரூப்பைக் காட்டினார்.

'குழந்தை பிறந்ததிலிருந்து என் மனைவிக்கு மனநிலை சரியில்லை. இல்லாத நாற்றமெல்லாம் அவளுக்கு அடிக்கும். பொருட்படுத்த வேண்டாம்.' உங்கள் பெயரில் இருந்தது. கீழே எல்லோரும் கும்பிடு போட்டிருந்தார்கள்.

எங்களுக்காகத்தான் எழுதினீர்கள், தெரிகிறது. ஆனால் நேற்றுச் சின்னவனுக்கு மறுபடி வாந்தி. ஓடிப்போய், "காய்ச்சினாலும் நாத்தம் போகலக்கா, குடுக்காதீங்க" என்று கெஞ்சினேன். "சரிம்மா, நீ போய்ப் படு" என்று என் தலையைத் தடவிவிட்டு, என் கண்முன்னாலேயே அந்தத் தண்ணீரை அவனுக்குப் புகட்டினார். உங்களுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை.

வாலை அழைத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போகிறேன். மஞ்சள் கோட்டுக்கு வெளியே, லாரிகள் நிற்கும் இடத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். சாவி வாட்ச்மேனிடம் இருக்கிறது.

நான் எழுதியது எல்லாவற்றையும் அழித்துவிட்டார்கள். நீங்கள் எழுதியது மட்டும் அப்படியே இருக்கிறது. அதை நீங்களே அழித்துவிட்டு, தண்ணீரைப் பற்றி எழுதுங்கள். அதன் பிறகு எங்களைத் தேடி வந்தால் போதும்.

இப்படிக்கு,
வாலின் அம்மா