பேனரில் உன்னைப் பொறுமைசாலி ஆக்கிவிட்டார்கள்

என் சந்திரா அக்காவுக்கு,

கோபத்தில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் நீயே நேராக்கிப் படித்துக்கொள். வருகிற செவ்வாய்க்கிழமையோடு நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. ஆரல்வாய்மொழி பஸ் ஸ்டாப்பில் உனக்கு நினைவஞ்சலிப் பேனர் வைக்கப் போகிறார்களாம். அதன் படத்தை உன் நாத்தனார் குடும்ப வாட்ஸப்பில் போட்டிருந்தாள். கல்யாணத்தில் எடுத்த உன் போட்டோ, சுற்றிலும் ரோஜாப்பூ, கீழே பெரிய எழுத்தில், 'வலியையும் சிரித்தபடி தாங்கிய பொறுமைக் கடலே'.

நீ எப்போது சிரித்தாய், அக்கா? யாரைப் பார்த்துச் சிரித்தாய்?

எனக்கு நினைவிருப்பது வேறு. உன் இடது விலாவில் கொத்துக் கொத்தாக அக்கி வந்தபோது, உன் மாமியார் வழக்கப்படி மண்பானை செய்கிற வேளாரை வரவழைத்து அக்கி எழுத வைத்தார். அவர் காவியைக் குழைத்துக் கொப்புளத்தின் மேல் சிங்கம் வரைந்துவிட்டுப் போனார். குளிர்ச்சியாக இருக்கிறது என்று நீயே சொன்னாய், அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. கொப்புளம் வாடி, பொருக்கு உதிர்ந்தது. அக்கி இறங்கிவிட்டது என்று மாமியார் உனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார். அத்தோடு அந்த வீட்டில் எல்லோருக்கும் உன் நோய் முடிந்துபோனது. உனக்கு அப்போதுதான் ஆரம்பித்தது.

தோலில் ஒன்றுமே தெரியாது, உள்ளே எரியும். ரவிக்கை உரசினால் துடிப்பாய். ஆரல்வாய்மொழிக் காற்றைக் கேட்கவே வேண்டாம், காற்றாடி நட்டுக் கரண்ட் எடுக்கிற ஊர் அது. அங்கே நீ ஜன்னலையெல்லாம் அடைத்துக்கொண்டு புழுக்கத்தில் கிடந்தாய். "காத்து பட்டா வலிக்காம். கேட்டியளா இந்தக் கூத்த?" என்று உன் மாமியார் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தார். சிரித்தது அவர்தான், நீ இல்லை. நாத்தனார் உனக்கு வேலைக்கள்ளி என்று பேர் வைத்தாள். அத்தான் வாயைத் திறக்கவே இல்லை. ஒரு டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு எல்லாம் நார்மல், மனசை லேசாக வைத்துக்கொள் என்று அனுப்பிவிட்டார்.

அப்புறம் உன்னை மண்டைக்காட்டு அம்மன் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய் மண்டையப்பம் நேர்ந்தார்களே! தலைவலிக்காரர்கள் நேர்வது அது. உனக்கு வலி விலாவில். ஏன் அத்தை, அவளுக்குத் தலையில் ஒன்றும் இல்லையே என்று உன் மாமியாரிடம் கேட்டேன். எல்லாம் அவள் மண்டைக்குள்தான் இருக்கிறது என்றார். அம்மனுக்கே சிரிப்பு வந்திருக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடைசியில் சண்டை போட்டு உன்னைத் திருவனந்தபுரத்துக்குக் கூட்டிப்போனேன். வலிக்கென்றே இருக்கிற அந்த டாக்டரம்மா பஞ்சால் உன் விலாவைத் தொட்டதும் நீ கத்தினாய். அவர் ஆச்சரியப்படவில்லை. சின்ன வயதில் வந்த சின்னம்மையின் கிருமி முதுகெலும்பை ஒட்டிய நரம்பு முடிச்சில் ஒளிந்து கிடந்ததாம். அதுதான் வருஷங்கள் கழித்து விழித்து, நரம்பு வழியே இறங்கி அக்கியாக வெளியே வந்ததாம். தோல் ஆறியது, நரம்பு ஆறவில்லை.

அடிபட்ட நரம்பு காரணமில்லாமல் சேதி அனுப்பிக்கொண்டே இருக்குமாம். தண்டுவடத்தில் மைக்ரோகிளியா என்று சில செல்கள் உண்டு, நோய் எதிர்ப்புக்காக நம் உடம்பு வைத்திருக்கிற காவலாட்கள். ஆபத்து என்றதும் எழுந்து சில ரசாயனங்களைச் சுரக்கும், வேலை முடிந்ததும் அடங்கிவிட வேண்டும். சிலருக்கு அடங்காது. அந்த ரசாயனங்கள் வலி நரம்புகளை முறுக்கேற்றிவிடும், வலியை அடக்குகிற பிரேக்கையும் தளர்த்திவிடும். அதன்பிறகு துணி உரசினாலும் மூளைக்கு வலி என்றே போய்ச் சேரும். இதெல்லாம் சாதாரண ஸ்கேனில் தெரியாது என்றார். எங்களுக்கே இன்னும் முழுக்கப் புரியவில்லை என்றும் சொன்னார். புரியாததைப் புரியவில்லை என்று சொன்ன முதல் ஆள் அவர்தான்.

நீ கேட்டது ஒன்றே ஒன்று. "அப்போ எனக்குக் கோட்டி பிடிக்கல்லியே, டாக்டர்?"

இல்லை என்றார். நீ முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாய். பைத்தியம் என்று நீயே நம்பத் தொடங்கியிருந்தாய் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அந்தப் பாவத்தை யார் தலையில் கட்டுவது, சொல்லு?

மாத்திரையில் வலி பாதியாகக் குறைந்தது. அதை நீ முழுசாக அனுபவிப்பதற்குள் மாரடைப்பு வந்து கொண்டுபோய்விட்டது.

பேனரைப் பார்த்த கையோடு நேற்றுப் பூதப்பாண்டியிலிருந்து பஸ் ஏறிவிட்டேன். அத்தானும் உன் மாமியாரும் வீட்டில் இருந்தார்கள். அந்த வரியை எடுங்கள் என்றேன். "செத்தவளப் பெருமையாத்தான எழுதிருக்கு? அதுக்கும் சண்டையா, ஏட்டி?" என்றார் உன் மாமியார்.

நான் அத்தானைப் பார்த்துச் சொன்னேன். "அவ பொறுமையா இருக்கல்ல, அத்தான். வலிக்கி வலிக்கின்னு தெனமும் சொன்னா. நீங்கதான் கேக்கல்ல."

அவர் பேனர் கடைக்குப் போன் போட்டு அந்த வரியை எடுக்கச் சொன்னார். வேறு என்ன போடலாம் என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். ஊர் என்ன சொல்லும் என்று தயங்கினார். அது மட்டும் நடக்காது என்று உன் மாமியார் எழுந்து உள்ளே போய்விட்டார். அத்தான் அம்மா பக்கமே சாய்ந்துவிட்டார்.

சரிதான் போங்கள் என்று நானே கடைக்குப் போய் இன்னொரு பேனருக்குச் சொல்லிவிட்டேன். இப்படி யாரும் போட்டதில்லையே என்றார் கடைக்காரர். காற்றில் கிழியாமல் இருக்க நடுநடுவே ஓட்டை போட்டுத் தருகிறார், எழுத்தில் கத்தி படக்கூடாது என்று கறாராகச் சொல்லியிருக்கிறேன்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன், அக்கா. இனி நம் சொந்தத்தில் யாருக்கு அக்கி வந்தாலும், அது உன் மாமியாராகவே இருந்தாலும், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போவேன். கிருமிக்கான மாத்திரை முதல் இரண்டு மூன்று நாளில் உள்ளே போக வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார். காவி எழுதுவதானால் அப்புறம் எழுதட்டும். பொருக்கு உதிர்ந்த பிறகும் வலிக்கிறது என்று யாராவது சொன்னால், பக்கத்தில் உட்கார்ந்து கேட்பேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் பஸ் ஸ்டாப்பில், ரோஜாப்பூ எதுவும் இல்லாமல், உன் பெயருக்குக் கீழே இவ்வளவுதான் இருக்கும்:

'வலிக்கிறது என்று சொன்னாள். உண்மையைத்தான் சொன்னாள்.'

உன் கூடப்பிறந்தவள்,
லீலா