குபாக் கம்பளம் காயும்வரை

அப்பா,

நனைந்த கம்பளி மணக்கிறது. வேலை முடிந்து வந்து நீங்கள் சப்பாத்தைக் கழற்றும்போது உங்கள் சேர்ட் கையிலிருந்து வருமே, அதே மணம். முன்பெல்லாம் அது வந்தால் படிக்கட்டில் இறங்கி ஓடி வருவேன். இன்றைக்கு அதற்கு அடியில் இன்னொரு மணமும் இருக்கிறது. போன மாரியில் அலுமாரிக்குப் பின்னால் சுவர் ஊறிப்போனபோது வந்த மணம். அது அம்மாவின் அறைக்குப் போய்விடக் கூடாதென்று கதவின் அடியில் துவாயைச் சுருட்டி அடைத்திருக்கிறேன். யன்னல் திறந்திருக்கிறது. மேசை விசிறியைத் தரையில் வைத்து மேல்நோக்கித் திருப்பி விட்டிருக்கிறேன். கட்டிலின் கால்மாட்டிலும் இரண்டு கதிரைகளின் முதுகிலுமாக எல்மிரா அன்ரியின் கம்பளம் தொங்குகிறது. நான் போர்வைக்குள் இருந்து போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன்.

ஆங்கிலத்தில் எழுதினால் "பிறகு ஆறுதலா வாசிக்கிறன் பிள்ளை" என்று மேசையில் வைத்துவிடுவீர்கள். அதனால்தான் தமிழில். எழுத்துப்பிழை இருந்தால் சனிக்கிழமை வகுப்பு ரீச்சரிடம் கோபியுங்கள்.

எனக்குப் பயமாக இருக்கிறது அப்பா. எழுதிக்கொண்டிருந்தால் கொஞ்சம் குறைகிறது.

எல்மிரா அன்ரியை உங்களுக்கு மறந்திருக்காது. இல்ஃபோர்ட் ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தெருவில் தையல் கடை வைத்திருக்கிறவ. காஸ்பியன் கடலுக்குக் கிட்ட, குபா என்ற ஊர்ப்பக்கத்தில் பிறந்தவ. அவவின் குடும்பத்தில் குழந்தை பிறந்தால் தொட்டிலில் போடுவதற்கு முதல் அந்தக் கம்பளத்தில்தான் கிடத்துவார்களாம். அவவையும் அப்படிக் கிடத்தினார்களாம், அவவின் தாயையும். மகளுக்குப் பிள்ளை பிறக்கப்போகிறதென்று கழுவித் தரச்சொல்லி உங்களிடம் கொண்டுவந்தா. நீங்கள் கடைசியாகக் கழுவியது அதைத்தான்.

அன்றைக்கு அதைக் கழுவி, தண்ணீரை ஒட்ட இழுத்தெடுத்து, நீங்கள் கம்பளம் கழுவுகிற கராஜின் சரிவுத் தரையில் விரித்துவிட்டு, நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறதென்று வீட்டுக்கு வந்தீர்கள். கதிரையில் இருந்தீர்கள். சேர்ட் கை நனைந்திருந்தது. அதற்குப் பிறகு நடந்ததை நான் எழுதவில்லை.

பிறகு வீடு முழுக்க ஆட்கள். எட்டுச்செலவு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி என்று நாட்கள் போயின. ஒருவரும் கராஜுக்குப் போகவில்லை. எல்மிரா அன்ரி மட்டும் ஒருநாள் வந்தா. அக்ரூட் வைத்துச் செய்த பலகாரத்தை ஒரு பெரிய தட்டில் கொண்டுவந்து, அம்மாவுக்குப் பக்கத்தில் ஒன்றும் கதைக்காமல் நெடுநேரம் இருந்துவிட்டுப் போனா. கம்பளத்தைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை.

நேற்றுப் பின்னேரம்தான் போன் எடுத்தா. பேத்தி பிறந்துவிட்டாளாம். சனிக்கிழமை காலையில் வந்து எடுக்கலாமா என்று கேட்டா. அம்மாவுக்குக் கம்பளம் எங்கே இருக்கிறதென்றே தெரியாது. ஹரோவில் இருக்கிற மாமாவுக்குப் போன் அடித்து, ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தா.

"அதுவோ அக்கா, பத்திரமா இருக்கு," என்றார் மாமா. "அண்டைக்கு நான்தானே கராஜைப் பூட்டப் போனனான். அத்தான் நிலத்தில விரிச்சபடி விட்டிட்டு வந்திட்டார். ஆரும் மிதிச்சுப்போடுவினமெண்டு நல்ல இறுக்கமாச் சுருட்டி, பொலித்தீன் சுத்தி, மூலைக்குள்ள நிப்பாட்டி வைச்சிருக்கிறன்."

"நல்ல காரியம் செய்தாய்," என்றா அம்மா.

நனைந்த கம்பளம். சுருட்டி. பொலித்தீன் சுற்றி. அன்றிலிருந்து இன்றுவரை. மாமா அழுதுகொண்டேதான் அதைச் சுருட்டியிருப்பார், எனக்குத் தெரியும். உங்கள் பொருட்களை ஒழுங்காக வைப்பதைத் தவிர அவருக்கு அன்றைக்குச் செய்வதற்கு வேறு ஒன்றும் இருக்கவில்லை.

அம்மா என்னைப் பார்த்து, "நாளைக்குப் பள்ளிக்கூடம் முடிய நீ போய் எடுத்துக்கொண்டு வா பிள்ளை. எனக்கு அங்கை கால் வைக்க ஏலாது," என்றா.

மரக்கறி வாங்கும் ட்ரொலியைத் தள்ளிக்கொண்டு போனேன். கதவைத் திறந்தபோதே மணம் வந்தது. பொலித்தீனின் உட்பக்கம் முழுவதும் வியர்த்திருந்தது. கம்பளத்தின் கீழ்ப்பக்கத்தில், மூலையில் நின்ற நுனியில், சாம்பல் பூத்தது போலப் பூஞ்சணம் பிடித்திருந்தது. அங்கே நின்று அழக்கூட நேரமில்லை. ட்ரொலிக்குள் வைத்து மேலே என் யூனிபோர்ம் கோட்டைப் போட்டு மூடிக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். பக்கத்தில் இருந்த பெண் இரண்டு தரம் மூக்கைச் சுளித்துவிட்டு எழும்பிப் போனா.

அம்மா ஷிப்ட் முடிந்து வரும்போது இது என் அறையில் விரிந்திருந்தது. "கம்பளம் வந்திட்டுதோ?" என்று கீழே நின்றே கேட்டா. "ஓம் அம்மா," என்றேன். அதற்குமேல் கேட்கவில்லை. என் அறைக்குள் வந்து பார்க்கவும் இல்லை. நீங்கள் தொட்ட எதையும் அவவால் இன்னும் பார்க்க முடியவில்லை.

இப்போதுதான் பக்கத்து அறையில் இருமினா. நான் போனை அணைத்துவிட்டு இருட்டில் இருந்தேன். இருமல் நின்றபிறகும் கொஞ்ச நேரம்.

இருட்டில் கம்பளத்தைத் தொட்டுப் பார்த்தேன். விரலால் வாசிக்க முடிகிறது. கறுப்பு இருக்கிற இடமெல்லாம் பள்ளம், மற்ற நிறங்கள் மேடு. கறுப்புச் சாயத்துக்குள் இரும்பு இருக்கிறது, நூறு வருசமாக அது கம்பளியைத் தின்றுகொண்டிருக்கிறது என்று நீங்கள் காட்டியிருக்கிறீர்கள். அன்றைக்கு அது எனக்கு ஒரு விளையாட்டு. இன்றைக்கு, எனக்குத் தெரியாமல் வேறு எது இதைத் தின்றிருக்கிறதோ என்று தேடுகிறேன்.

வான் வண்டியில் கம்பளம் எடுக்கப் போகும்போது நாங்கள் விளையாடுகிற அந்த விளையாட்டு. யார் வீட்டிலாவது எடுத்த கம்பளத்தின் ஒரு மூலையை நீங்கள் புரட்டிக் காட்ட, பின்பக்கத்தைப் பார்த்து ஊரை நான் சொல்லவேண்டும். ஹம்பேர்க் துறைமுகத்துப் பண்டகசாலையில் அகதி வழக்கு முடியும்வரை கம்பளம் சுமந்த காலத்தில் நீங்கள் பிடித்த பழக்கம். "நான் கொக்கேசஸ் மலைநாட்டுக்குப் போனதில்லை. ஆனா அதின்ர முதுகு முழுக்க எனக்குத் தெரியும்," என்பீர்கள்.

மலைப்பக்கத்துக் கசாக் ஊர்க் கம்பளத்தைக் கண்டால், "இது உன்ர பெரியப்பா. ரெண்டு சொல்லுத்தான் சொல்லுவார், தெரு முழுக்கக் கேக்கும்." உண்மைதான், கசாக்கில் இரண்டு மூன்று பெரிய உருவங்கள்தான், நீளக் கம்பளி மயிர், கத்துகிற சிவப்பு. கரபாக் என்றால் வைன் நிறமும் ரோசாப்பூவுமாகக் கலியாண வீட்டுக்கு வெளிக்கிட்டு நிற்கும். ஷிர்வான் வந்தால் குரலைத் தாழ்த்துவீர்கள். "இது உன்ர அம்மாவும் அன்ரிமாரும் போனில கதைக்கிற மாதிரி. சின்னச் சின்னதா, முடிவே இல்லாமல்." முன் சீற்றில் இருந்த அம்மா யன்னலைப் பார்த்தபடியே, "ஓம், இவர் பெரிய மௌனசாமியார்," என்றது நினைவிருக்கிறதா? குபாவை நான் எப்போதும் பிழையாகச் சொல்வேன். ஷிர்வான் போலவே நுணுக்கமாக இருக்கும். ஆனால் நெசவு இன்னும் நெருக்கம், பலகை போல விறைப்பு. இரண்டு முனையிலும் மயிரில்லாத ஒரு நீலப் பட்டி, சேலைக் கரை போல.

இந்தக் கம்பளத்தில் அந்த நீலப் பட்டி இருக்கிறது.

அதனால்தான் பயம். மலையில் செம்மறி மட்டும்தான், அதனால் கசாக் உள்ளும் புறமும் கம்பளி. நனைந்தாலும் தாங்கும் என்று சொல்லியிருக்கிறீர்கள். கடற்பக்கம் வரவரப் பருத்தி கலக்கும். முடிச்சுகளுக்கு நடுவே குறுக்காக ஓடுகிற ஊடை நூல் வெள்ளையாக, மினுக்கமில்லாமல் இருந்தால் அது பருத்தி. "கம்பளி மன்னிக்கும். பருத்தி மன்னிக்காது." போன் வெளிச்சத்தைப் பின்பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். வெள்ளை. இன்னொரு இடத்தில் பார்த்தேன். அங்கேயும் வெள்ளை.

ஒரு வீட்டு நிலவறையில் கிடந்த கம்பளத்தை நீங்கள் கராஜில் விரித்த நாள் ஞாபகம் வருகிறது. "இஞ்சை வா, காதையும் கொண்டு வா," என்றீர்கள். பின்பக்கம் மேலே வரும்படி மெல்ல மடித்தீர்கள். பொரித்த அப்பளத்தைத் துணிக்குள் வைத்து நெரித்தது போல ஒரு சத்தம். நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. உள்ளே நூல் உக்கினால் அப்படித்தான் முறியும் என்றீர்கள். வெளியே பூவெல்லாம் அப்படியே இருந்தது. "ஈரத்தில மடிச்சுப் பாத்தால் பொய் சொல்லும். காஞ்சாப்பிறகுதான் கேக்கவேணும்."

அதுதான் காத்திருக்கிறேன். ஹேர்ட்ரையர் பிடிக்கலாமா என்று யோசித்தேன். சூடு காட்டினால் நீங்கள் கத்துவீர்கள். காற்று மட்டும். தொட்டுப் பார்க்கிறேன், எழுதுகிறேன், திரும்பத் தொட்டுப் பார்க்கிறேன்.

எல்மிரா அன்ரி இதைப் பார்க்கும்போது அவவின் முகம் எப்படி இருக்கும் என்றுதான் நினைக்க முடியவில்லை. கத்தினால் பரவாயில்லை. அவ கத்தமாட்டா. அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தது போல ஒன்றும் கதைக்காமல் இருப்பா. அந்தக் குழந்தையை எதில் கிடத்துவார்கள்? இனி யாராவது உங்கள் பெயரைச் சொன்னால், நூறு வருசக் கம்பளத்தை உக்க விட்ட மனிதன் என்று சொல்வார்களா? மாமாவுக்குத் தெரிந்தால் அவர் என்ன ஆவார்? அம்மா? ஒன்றும் சொல்லாமல் இப்படியே மடித்துக் கொடுத்துவிட்டால் என்ன என்றும் ஒருதரம் நினைத்தேன். காய்ந்தால் மணம் போய்விடும். பூ அப்படியே இருக்கும். அடுத்த வருசம் யாராவது மடிக்கும்போதுதான் சத்தம் வரும்.

அப்போது அந்த உயரமான வெள்ளைக்கார ஐயா நினைவுக்கு வந்தார். அவரின் கசாக்கில் பூச்சி அரித்திருந்தது. போனில் அவர் எவ்வளவு பழுது, எவ்வளவு பழுது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நீங்கள் சொல்லவில்லை. வரச்சொன்னீர்கள். வந்த உடனே சொன்னார், செத்துப்போன மனைவி வாங்கியதாம். நீங்கள் கம்பளத்தைப் புரட்டி, பூச்சி அரித்த இடத்தில் உங்கள் உள்ளங்கையை வைத்து, அதை எடுக்காமலே அவரைப் பார்த்து, "திஸ் மச், சேர். ஒன்லி திஸ் மச்," என்றீர்கள். அந்த மனிதர் உங்கள் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மூச்சு விட்டார்.

வான் வண்டியில் கேட்டேன், ஏன் போனிலேயே சொல்லவில்லை என்று.

"வாயால சொன்னால் முழுக் கம்பளமும் போச்செண்டு நினைப்பினம். கையை வைச்சுக் காட்டினால் கையளவுதான்."

ஆஸ்பத்திரியில் எங்களுக்கு வாயால்தான் சொன்னார்கள், அப்பா. டாக்டர் நல்லவர், மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் எவ்வளவு என்று காட்ட அவரிடம் ஒன்றும் இல்லை. அதனால்தானோ தெரியாது, இந்த வீட்டில் எல்லாம் பழுதாகிவிட்டது போல இருக்கிறது. தேத்தண்ணி போடுகிற கேத்தல்கூட.

வெளியே வெளிச்சம் வருகிறது. முதல் ரயில் போய்விட்டது. கம்பளத்தின் நீலப் பட்டியைத் தொட்டேன். காய்ந்திருக்கிறது. நடுவும் காய்ந்திருக்கிறது. மூலையும்.

விசிறியை நிறுத்தினேன்.

நீங்கள் மடிக்கிற மாதிரியே, பின்பக்கம் மேலே வரும்படி, மெல்ல. முதல் மூலை. காதைக் கிட்ட வைத்தேன். ஒன்றுமில்லை. நடு. ஒன்றுமில்லை. அந்தப் பக்கம். அங்கேயும் இல்லை. நீங்கள் தண்ணீரை அவ்வளவு ஒட்ட இழுத்திருக்கிறீர்கள். நெஞ்சு நோகும்போதும் அந்த வேலையை அரைகுறையாக விடவில்லை.

பிறகு, சாம்பல் பூத்திருந்த அந்த நுனி. நிலத்தில் நின்ற நுனி. மடிக்காமல் விட்டுவிடலாம் என்று கை பின்னுக்கு வந்தது. மடித்தேன்.

முறிந்தது. சின்னச் சத்தம். ஆனால் அதேதான்.

வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அழுது முடிந்தபிறகு, எங்கே தொடங்குகிறது எங்கே முடிகிறது என்று கொஞ்சம் கொஞ்சமாக மடித்துக் கேட்டேன். நீலப் பட்டிக்கு மேலே, ஓர் ஓரத்தில். அதைத் தாண்டினால் சத்தமில்லை. அந்த இடத்தில் என் கையை வைத்தேன். மூடவில்லை, அப்பா. உங்கள் கை என்றால் மூடியிருக்கும். மற்றக் கையையும் பக்கத்தில் வைத்தேன். மூடியது.

அம்மா எழும்பிவிட்டா. பலகைத் தரை சத்தம் போடுகிறது. கதவுக்கு வெளியே வந்து நிற்கிறா, துவாயின் நுனி அசைகிறது.

"என்ன மணம் பிள்ளை இது? நித்திரை கொள்ளேல்லையே?"

முதலில் அம்மாவுக்குக் காட்டப்போகிறேன். பிறகு எல்மிரா அன்ரிக்கு. மாமாவுக்கு நான் காட்டமாட்டேன், அம்மா சொல்லட்டும். கையை அந்த இடத்தில் வைத்து, அவ பார்த்து முடியும்வரை எடுக்காமல் இருந்தால் போதும்.

என்னிடம் இருப்பது இரண்டு கைதான், இரண்டும் அங்கே வேண்டும். அதனால் பேனையை வைக்கிறேன்.