ஏழாம் வாய்ப்பாடும் சட்டைப் பொத்தானும்

வீட்டைத் தனியாகக் காக்கும் உங்களுக்கு வணக்கம். மூட்டுவலி எப்படி இருக்கிறது? சாப்பிட்ட பிறகுதானே மாத்திரை போடுகிறீர்கள்? இங்கே மகளும் மாப்பிள்ளையும் வேலைக்கு ஓடிவிடுகிறார்கள். பேத்தியைப் பார்த்துக்கொள்வதுதான் என் உத்தியோகம். எல்லோரும் நலம்.

சின்னச் சேதி, கவலைப்படாதீர்கள். நான் பாட்டாகப் பாடவைத்த வாய்ப்பாட்டைப் பள்ளியில் ஓரங்கட்டிவிட்டார்கள். எட்டேழு எவ்வளவு என்று டீச்சர் கேட்க, இவள் "ஓரேழு ஏழு" என்று முதலிலிருந்து பாட, வகுப்பே சிரித்ததாம். வரிசைக்கு ஏழு பொத்தானாக எட்டு வரிசை அடுக்கிப் பார்க்கச் சொன்னாராம் டீச்சர். இது கணக்கு வகுப்பா, தையல் வகுப்பா? ஐந்தாம் வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கிய எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உன் பாட்டு வேணாம் பாட்டி. எங்க, நீ எட்டேழு டக்குனு சொல்லு பாப்போம்!" என்றாள். எனக்கும் ஓரேழிலிருந்துதான் வந்தது.

அதிலிருந்து கணக்குப் போட என் பக்கத்தில் உட்காருவதே இல்லை. அவளை விட்டால் எனக்கு இங்கே பேச யார்?

நான் மறந்துவிட்டு வந்த மூக்குக்கண்ணாடிக் கூட்டை அனுப்பும்போது, தையல் மிஷின் இழுப்பறையில் இருக்கும் பொத்தான்களையும் அனுப்புங்கள். ஒரே அளவாகப் பார்த்துப் பொறுக்குங்கள். வேன் சத்தம் கேட்கிறது, வந்துவிட்டாள்.

உங்கள் மனைவி