சூப்புக்கு முன்னால் ஒரு சுற்று

ஜூன் 7, சனி
இன்றும் அந்தப் பெரிய ஃபர்னிச்சர் கடைக்குப் போனோம், நானும் அத்தையும். வாங்குவதற்கு அல்ல. மாடி கேன்டீனில் தக்காளி சூப்பும் பன்னும் சாப்பிட. ஆனால் என் மாமியாருக்கு நேரே போய்த் தட்டு எடுக்க வெட்கம். "பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க? ஒரு சுத்து சுத்திட்டுப் போவோம்." கையில் டேப், பென்சில். கட்டில்களை அளப்பார், தலையை ஆட்டுவார், "யோசிச்சுட்டு வரோம் தம்பி" என்பார் விற்பனையாளரிடம். அப்புறம்தான் சூப். எட்டு வாரமாக இதே கூத்து.

என் கணவர் இறந்து ஏழு மாதம். வீட்டில் எங்களுக்குள் பேச்சே எழுவதில்லை. கேன்டீனில் உட்கார்ந்தால் மட்டும் அத்தை வாய் ஓயாமல் பேசுகிறார்.

ஜூன் 11
நாத்தனார் போன். "அம்மா எத்தனை நாள் ஹால் சோபாவுலயே படுப்பாங்க அண்ணி? மாசக் கடைசியில நான் கூட்டிட்டுப் போறேன்."

சரி என்றேன். அவர் பிள்ளையே இல்லாத வீட்டில் "இருங்க" என்று சொல்ல நான் யார்?

ஜூன் 12
அத்தையிடம் சொன்னேன். "உனக்கு எப்படிச் சௌகரியமோ" என்று டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

ஜூன் 14, சனி
சூப்பைப் பாதியில் வைத்துவிட்டார். பேசவும் இல்லை.

ஜூன் 18
பின்னறையை ஒழிக்கலாம் என்று கதவைத் திறந்தேன். கணவரின் பெட்டிகள். சாத்திவிட்டேன்.

ஜூன் 21, சனி
அத்தை கை கழுவப் போன நேரத்தில் விற்பனையாளர் என்னைப் பிடித்துக்கொண்டார். "எப்பக்கா முடிவு பண்ணுவீங்க? அம்மா ரூம் அளவு குடுத்தே ஒரு மாசமாச்சு." நோட்டைக் காட்டினார். ஒன்பதடிக்கு எட்டடி. ஜன்னல் இடது பக்கம். கதவுக்குப் பின்னால் சுவர் அலமாரி.

எங்கள் பின்னறை! நான் வேலைக்குப் போயிருந்தபோது அளந்திருக்கிறார். எல்லாம் சூப்புக்கு ஒரு சாக்கு என்றல்லவா நினைத்தேன் — வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா இந்த அம்மா? நான் மட்டும் கேட்டேனா? ச்சே. அங்கேயே அழுகை வந்துடுச்சு.

கட்டிலுக்குப் பில் போடச் சொன்னேன். கேன்டீனில் அதை அத்தையின் தட்டருகே வைத்தேன்.

"சாப்பிடத்தானே வந்தோம்?" என்றார்.

"நீங்க எங்கயும் போகக் கூடாது அத்தை."

 மூக்கை உறிஞ்சிக்கொண்டே சூப்பை முழுக்கக் குடித்தார். என் பன்னிலும் பாதி.

ஜூன் 28, சனி
கணவரின் பெட்டிகளைப் பரணில் ஏற்றினோம். கட்டில் நேற்றே வந்துவிட்டது. நாத்தனார் காலையில் வந்தாள், பின்னறையைப் பார்த்தாள், தனியாகத் திரும்பிப் போனாள்.

மதியம் கடைக்குப் போனோம். உள்ளே நுழைந்ததும் அத்தை பையிலிருந்து டேப்பை எடுத்தார்.

"அதான் வாங்கியாச்சே, இப்ப எதுக்கு?"

"சாப்பாட்டு மேசை பார்ப்போம்" என்றார். "அவசரப்பட்டு இதுக்கும் பில்லு போட்டுடாதே."