புரட்டாசி லென்ஸ்

செப். 24, புதன்

விடியற்காலை நான்கு மணி. வானம் சுத்தம். காற்று இல்லை, புழுக்கம். முக்காலி, கேமரா, கொசுவத்தி, பிளாஸ்கில் காபி. எல்லாம் தயார். நான்தான் முட்டாள்.

ஏசி அறையிலிருந்து லென்ஸை நேராக மொட்டைமாடிக்குக் கொண்டுபோனேன். கண்ணாடி முழுக்க வேர்த்துவிட்டது. துடைத்தால் மறுபடி வேர்க்கிறது. துண்டால் விசிறிக்கொண்டு நின்றேன். அது தெளிவதற்குள் கிழக்கிலிருந்து மேகம். ஒரு படம்கூட இல்லை. பிரிட்ஜிலிருந்து எடுத்துவைத்த பாட்டில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவள்.

லென்ஸ் சேகருடையது. நாத்தனார் பெண் கல்யாணத்துக்குப் படம் எடுத்தவர், ஆழ்வார்பேட்டையில் ஸ்டுடியோ. மண்டபத்துக் கடைசி வரிசையிலிருந்து தாலி முடிச்சைப் பக்கத்தில் காட்டும் நீள லென்ஸ். வாங்கப் போனபோது சொன்னார்: “பொரட்டாசில எவன் மேடம் கல்யாணம் பண்றான்? சும்மா தூங்கினு கீது, வச்சிக்கோங்க. ஐப்பசி பொறந்தா மட்டும் குட்த்துருங்க.”

ஆசை ஒன்றுதான். ஓரியன் நட்சத்திரக் கூட்டத்தின் இடுப்பில் மூன்று நட்சத்திரம் வரிசையாக இருக்கிறதே, அதற்குக் கீழே மங்கலாக ஒரு புள்ளி. அது நட்சத்திரம் இல்லை, நெபுலா. ஒளிரும் புகை. அதை ஆர்.ஏ.புரத்தில் எங்கள் மாடியிலிருந்தே எடுக்கவேண்டும். நட்சத்திரம் பார்ப்பவர்களின் வாட்ஸப் குழுவில் எல்லோரும் இருட்டு வானத்துக்கு ஏலகிரி போ, கொடைக்கானல் போ என்கிறார்கள். எனக்கு ஏது லீவு? எனக்கு வாய்த்த வானம் இதுதான்.

செப். 26, வெள்ளி

மேகம். சாயங்காலம் கொலுவுக்கு மூன்று வீட்டுக்காரர்கள். பட்டாணிச் சுண்டல், உப்பு ஜாஸ்தி. யாரும் சொல்லவில்லை, எல்லோரும் தண்ணீர் கேட்டார்கள்.

பாடம் கற்றாயிற்று. கேமராப் பை இனி ஹாலில், கொலுப்படிக்குப் பக்கத்தில். அங்கே ஏசி கிடையாது.

சும்மா இருப்பானேன் என்று மூடியைப் போட்டபடியே கொஞ்சம் எடுத்துப் பழகினேன். வெறும் கறுப்புதான் பதியும். கேமராவின் சொந்தப் புள்ளிகள் அதில் தெரியும், அப்புறம் நிஜப் படத்திலிருந்து கழித்துவிடலாம். மாமியார் எதிர்வீட்டு மாமியிடம் கிசுகிசுத்தது காதில் விழுந்தது. “மூடியக் கழட்டாமயே எடுத்துண்டிருக்கா. சொல்லலாமா வேண்டாமான்னு இருக்கு.”

செப். 28, ஞாயிறு

மழை. துணி காயவில்லை. மனசும்.

கணக்கு: ஒன்றரை விநாடிக்கு மேல் திறந்தால் பூமி சுற்றுவதில் நட்சத்திரம் கோடாக இழுக்கும். அதனால் சின்னச் சின்னதாக நூற்றுக்கணக்கில் எடுத்து, லேப்டாப்பில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கவேண்டும்.

நிலா: வளர்பிறை. இந்த வாரத்தை விட்டால் விடிகிறவரை நிற்கும். அது தேய்ந்து ஒழிவதற்குள் ஐப்பசி வந்துவிடும், லென்ஸ் போய்விடும். வானிலை ஆப் பார்த்தேன். வியாழன் விடிகாலை ஒன்றுதான் தெளிவாம். மற்றதெல்லாம் குடை.

இவர் சொன்னது: “அடுத்த வருஷம் பார்த்துக்கலாமே.” மூன்று வருஷமாக இதைத்தான் நானும் எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அக். 1, புதன். சரஸ்வதி பூஜை

காலையில் மயிலாப்பூர் மாட வீதி. பொரி, பொட்டுக்கடலை, வாழைக்கன்று, சாமந்தி, வெற்றிலை. எலுமிச்சை மறந்துவிட்டேன். கூட்டத்தில் செருப்பு வார் அறுந்தது. இழுத்துக்கொண்டு வீடு.

வந்து பார்த்தால் பூஜைப் பலகையில் மாமியார் எல்லாவற்றையும் அடுக்கிவிட்டார். இவர் லேப்டாப், பெண்ணின் கல்லூரிப் புத்தகங்கள், மாமியாரின் சுருதிப்பெட்டி. எல்லாவற்றுக்கும் மேலே என் கேமரா, சேகர் லென்ஸோடு. மூடியில் சந்தனம், நடுவில் குங்குமம். தலையில் ஒரு சாமந்தி.

கல்யாணமாகி வந்ததிலிருந்து என் பங்குக்கு அருவாமணைக்கும் மிக்சிக்கும்தான் பொட்டு. என் சாமான் எதுவும் பலகையில் ஏறியதில்லை. கிட்டே போய் இரண்டு தடவை பார்த்தேன். அப்புறம்தான் உறைத்தது. பலகையில் ஏறியதை மறுநாள் புனர்பூஜை ஆகும்வரை தொடக்கூடாது. எங்கள் வீட்டுப் புனர்பூஜை எல்லோரும் குளித்து, பாயசம் வைத்து, ஒன்பது மணிக்கு முன்னால் நடந்ததில்லை.

சாயங்காலம் மாடிக்குப் போனேன். ஆப் பொய் சொல்லவில்லை. ஒரு துணுக்கு மேகம் இல்லை.

“அம்மாகிட்ட கேட்டுப் பாரேன்” என்றார் இவர். எப்படிக் கேட்பது? இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக ஆசையாகத் தூக்கி வைத்திருக்கிறார். உடனே எடுங்கள் என்பதா? எல்லோரும் தூங்கினபிறகு எடுத்துப்போய் வேலை முடித்து அப்படியே வைத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். வேண்டாம். சாமந்தி காட்டிக்கொடுத்துவிடும்.

ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அக். 2, வியாழன்

நான்கு மணிக்கு வெறுங்கையோடு மாடி. பார்க்கவாவது பார்ப்போம் என்று. நிலா மறைந்துவிட்டது. மூன்று நட்சத்திரமும் உச்சிக்குப் பக்கத்தில், பளிச்சென்று. அழுதேன். யாரும் இல்லை, அதனால் நன்றாகவே.

கீழே இறங்கினால் ஹாலில் விளக்கு. மாமியார் ஈரத்தலையில் துண்டோடு, கையில் கற்பூரத்தட்டு. ராத்திரியே இவர் போட்டுக்கொடுத்திருக்கிறார்.

“தசமி நேத்து சாயங்காலமே வந்துடுத்து. பாலும் சக்கரையும் நைவேத்யம் பண்ணி புனர்பூஜை ஆச்சு. எடுத்துண்டு போ.”

நான் இன்னும் குளிக்கவில்லை என்று இழுத்தேன்.

“கைகால அலம்பிண்டு எடு. விஜயதசமிக்கு எடுக்காம வச்சாத்தான் தப்பு.”

ஓடினேன். லென்ஸ் ஒரு பொட்டு வேர்க்கவில்லை. ராத்திரி முழுக்க ஹால் புழுக்கத்தில்தானே இருந்தது! ஃபோகஸ் மூன்றாவது தடவையில் சிக்கியது. அப்புறம் க்ளிக், க்ளிக், க்ளிக். பால் வண்டி வந்தது, காக்கை கத்தியது, கிழக்கே வெளுக்கும்வரை நிறுத்தவில்லை. கடைசியில் மூடி போட்டுக் கறுப்புப் படங்கள்.

அதற்குள் மாமியார் மூச்சு வாங்க மாடியேறி வந்துவிட்டார். “இன்னிக்குமா மூடியோட?” என்றார். விளக்கிச் சொன்னேன். நம்பினதாகத் தெரியவில்லை.

இவர் லேப்டாப்பில் முந்நூற்றுச் சொச்சம் படங்கள் அடுக்கப்பட்டு முடிந்தபோது இட்லி ஆறிப்போயிருந்தது. ஓரமெல்லாம் தெருவிளக்கின் ஆரஞ்சு அழுக்கு. நடுவில், சின்னதாக, ரோஜா நிறத்தில், இரண்டு பக்கமும் சிறகு விரித்தபடி. இருக்கிறது. எங்கள் வானத்தில் இருக்கிறது. இத்தனை நாளும் இருந்திருக்கிறது. பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். “நம்மாத்து மாடிலேர்ந்தா?” என்று இரண்டு தடவை கேட்டார். அப்போதுதான் உண்மையைச் சொன்னேன். லென்ஸ் என்னுடையது இல்லை, கல்யாண போட்டோகிராபருடையது, ஐப்பசியில் திருப்பித் தரவேண்டும்.

“அடுத்தவா சாமானுக்கா நான் பொட்டு வச்சேன்?”

மறுபடி திரையைப் பார்த்தார்.

“போகட்டும். அவனுக்கும் நாலு கல்யாணம் நன்னா வரட்டும். அடுத்த வருஷம் உன்னோடத வாங்கி வை.”

மூடியில் குங்குமம் அப்படியே இருக்கிறது. துடைக்கவில்லை. சேகரிடம் அதோடுதான் கொடுக்கப்போகிறேன்.